அத்தை வீட்டு முருங்கை: நாகையிலிருந்து காங்கேசன்துறை எவ்வளவு தூரம்?

கேள்வி: "நாகப்பட்டினத்துக்கும் இலங்கை காங்கேசன்துறைக்கும் எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம், கப்பலில் எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பி வரும்போது சாவகச்சேரி முருங்கைப் போத்து இரண்டு கொண்டு வரலாமா?"
– வேதாரண்யம் தாலுகா வாசகர்

கேள்வியை எழுதிப் போட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. 2025 சித்திரையில் கப்பலேறிப் போய், ஒரு வாரம் தங்கித் திரும்பியும் விட்டார். அவர் போய்வந்த கதையே கேள்விக்கு முக்கால் பதில்.

இரண்டு மாவில் முல்லையும் கொஞ்சம் முருங்கையும் வைத்திருக்கும் விவசாயி அவர். அப்பாவின் தங்கை, அதாவது அத்தை, 1970-களில் கடல் கடந்து வடமராட்சியில் பருத்தித்துறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவர். கோடியக்கரைக்கும் வல்வெட்டித்துறைக்கும் வள்ளம் போக்குவரத்து சகஜமாக இருந்த காலம் அது. அங்கிருந்து இங்கே வந்து சினிமா பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1983-க்குப் பிறகு எல்லாம் நின்றுபோனது. அப்பா 2017-ல் இறந்தார். தங்கையை அவர் கடைசியாகப் பார்த்தது முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு. அத்தைக்கு இப்போது எண்பது நடக்கிறது. ஆகவே தூரத்தைக் கேட்டவருக்கு அது வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கடல்வழி 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதால், சுமார் 110 கி.மீ. வேதாரண்யத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கோடியக்கரை முனையிலிருந்து நேர்க்கோடு போட்டால் காங்கேசன்துறை 60 கி.மீ.க்கும் குறைவு. பருத்தித்துறை அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்து கப்பல் கிடையாது. தெற்கே போக வேண்டியவர் முதலில் வடக்கே ஐம்பது கி.மீ. பஸ்ஸில் நாகைக்குப் போய், அங்கிருந்து வந்த திசையிலேயே கடலில் இறங்க வேண்டும்.

விமானத்துக்கு வருவோம். நாகையில் விமான நிலையம் இல்லை. காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் பலாலியில் இருக்கிறது. இந்தத் தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். வகை விமானம் நடுவானில் மணிக்கு 500 கி.மீ. சொச்சம் போகும். அப்படியானால் நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் வானத்தில் கால் மணி நேரத் தூரம்தான். அந்தக் கால் மணி நேரத்துக்கு விமானம்தான் இல்லை. சென்னைக்கோ திருச்சிக்கோ போய்த்தான் ஏற வேண்டும்.

சென்னையிலிருந்து பலாலி நேர்க்கோட்டில் 355 கி.மீ. அளவு. ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஆகும். திருச்சியிலிருந்து 185 கி.மீ. அளவு, அட்டவணையில் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறார்கள். 185 கி.மீ.க்கு ஒரு மணி நேரமா என்று கேட்பது நியாயம். 500-ஆல் வகுத்தால் 22 நிமிடம்தானே வருகிறது! அட்டவணையில் காட்டும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. கதவு சாத்தி நகர ஆரம்பித்ததிலிருந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து, காத்திருந்து, ஏறி, பறந்து, வேகம் குறைத்து, இறங்கி, மறுபடி ஊர்ந்து நிற்கும் வரைக்கும் உள்ள மொத்தம் அது. குறைந்த தூரப் பயணத்தில் ஏறவும் இறங்கவுமே பாதி நேரம் போய்விடும். மூட்டை ஏற்றி இறக்கும் கூலி பக்கத்துச் சந்தைக்கும் அதேதான், தூரத்துச் சந்தைக்கும் அதேதான் என்பது மாதிரி.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கூட்டினால்தான் உண்மை தெரியும். வேதாரண்யத்திலிருந்து திருச்சி விமான நிலையம் 150 கி.மீ.க்கு மேல், நான்கு மணி நேரம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி முன்னதாகப் போய் நிற்க வேண்டும். பறக்க ஒரு மணி. பலாலியில் குடிவரவு, சுங்கம் முடிய ஒரு மணி. பருத்தித்துறைக்கு அரை மணிக்கு மேல். ஆக ஒன்பதரை மணி நேரம். கப்பலில் என்றால் நாகைக்கு ஒன்றரை மணி, துறைமுகத்தில் காத்திருக்க இரண்டு மணி, கடலில் நான்கு மணி, இறங்கிச் சோதனை முடிய ஒரு மணி, சாலையில் ஒரு மணி. இதுவும் ஒன்பதரைதான்! அப்பா காலத்து வள்ளம் காற்று வாகாக இருந்தால் ராத்திரி கிளம்பி விடியலில் அக்கரை சேர்ந்துவிடும் என்பார்கள். ஐம்பது வருடத்தில் நேரம் குறைந்தபாடில்லை. பாஸ்போர்ட்டும் சோதனையும் சேர்ந்ததால் அந்தக் காலத்து ஆபத்துகள் குறைந்திருக்கின்றன, அது சரி.

டிக்கெட்டில் போட்ட மணியைக் கூட்டிக் கழிக்க வேண்டாம். 2006 ஏப்ரலிலிருந்து இலங்கைக் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றே. அதற்கு முன் பத்து வருடம் அவர்கள் நம்மைவிட முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் கப்பலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நேரமோ காசோ இல்லை. அப்பா போன வழியாகப் போக வேண்டும் என்பதுதான். நாகை – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கியது. தொடங்கிய சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழை வந்து நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற வேறு கப்பலோடு மறுபடி ஆரம்பித்து, மழைக்கு நிறுத்தி, 2025 பிப்ரவரியில் மீண்டும் விட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இந்தக் கப்பலை நம்பி எந்தத் திட்டமும் போடக் கூடாது. மற்ற மாதத்திலும் எல்லா நாளும் ஓடுவதில்லை. கட்டணமும் விசா விதியும் அவ்வப்போது மாறுகின்றன. சீட்டு எடுக்கும் முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

போவதற்கு முன் அவர் வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒரு வார்த்தை கேட்டார். அத்தைக்கு ஒரு முல்லைப் பதியன் கொண்டுபோகலாமா, வரும்போது முருங்கைப் போத்து கொண்டு வரலாமா? இரண்டுக்கும் கூடாது என்று பதில் வந்தது. முகம் சுருங்கிப் போனாலும் கேட்டுக்கொண்டார். பையில் எள்ளுருண்டை, ஒரு சேலை, கண்ணாடி போட்ட அப்பாவின் படம், அவ்வளவுதான்.

கப்பல் காலையில் கிளம்பியது. நூற்றைம்பது பேர் கொள்ளும் சிறிய கப்பல். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் மீன்பிடி விசைப்படகுகள் தெரிகின்றன. பிறகு வெறும் தண்ணீர்தான். நடுக்கடலில் 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு ஒன்று இருக்கிறது. கப்பலில் இருப்பவருக்கு அது எப்போது கடந்தது என்றுகூடத் தெரியாது. அதே கோட்டைத் தாண்டியதற்காகச் சிறைக்குப் போன மீனவர் வீடுகள் நாகைக் கடற்கரையில் தெருவுக்குத் தெரு உண்டு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது அந்தக் கோடு யாருக்கும் உதவவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே காலையில் வடமராட்சி கிழக்குக் கரையும் அழிந்தது.

காங்கேசன்துறை நெருங்கும்போது முதலில் கண்ணில் படுவது பழைய சிமெண்ட் தொழிற்சாலை. 1950-ல் தொடங்கி, 1990-ல் போரால் மூடியது. அந்த இடத்தில் ஏன் சிமெண்ட் ஆலை என்பதில்தான் யாழ்ப்பாண விவசாயத்தின் ரகசியமும் இருக்கிறது. தரைக்கடியில் முழுக்கச் சுண்ணாம்புக் கல்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மேட்டூரும் கிடையாது, கல்லணையும் கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் வருடத்துக்கும் சோறு. அந்த மழை செம்மண் வழியாக இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளில் தங்குகிறது. அடியில் கடல் உப்புநீர். நல்ல நீர் எடை குறைவு என்பதால் அதன்மேல் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. கிணறுகள் எல்லாம் இந்த மிதக்கும் நீரைத்தான் மொண்டு எடுக்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும். மோட்டாரைப் போட்டு மேலே ஓரடி இறக்கினால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். கீரிமலையில் கடலுக்குப் பத்தடி தள்ளிக் கட்டிய கேணியில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. கல்லிடுக்கு வழியாக மழைநீர் கடலுக்குப் போகும் வழி அது.

வேதாரண்யத்துக்காரருக்கு இது புதுப் பாடம் இல்லை. இங்கே மணல்மேட்டுக் குட்டைகளிலும் இதே கதைதான். குடத்தால் மொண்டு ஊற்றிய வரை நல்ல தண்ணீர். ஆழக் குழாய் இறக்கியவர்களுக்கு உப்பு. அக்கரையில் அந்தக் காலத்தில் துலா மிதித்து இறைத்தார்கள். நம் ஏற்றம்தான் அங்கே துலா. இப்போது அங்கும் மோட்டார். உரம் அதிகம் போட்டதால் கிணற்று நீரில் நைட்ரேட் கூடிவிட்ட சிக்கலும் அங்கே உண்டு. வெங்காயத்துக்கு யூரியா போடும்போது, போட்டதில் ஒரு பங்கு குடிக்கிற கிணற்றுக்குத்தான் போகிறது என்பதைச் செம்மண் பூமி ஒளிக்காமல் காட்டிவிடுகிறது.

துறையிலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 25 கி.மீ. வழியில் தொண்டைமானாற்றில் கடல்நீர் உள்ளே ஏறாதபடி கதவணை. பிறகு வல்வெட்டித்துறை. அந்த ஊரில் கட்டிய பாய்மரக் கப்பல் ஒன்று 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்டவர்களுக்குக் கோடியக்கரை ஒரு தூரமா?

வயல்வெளியைப் பார்த்தவர் கண்ணுக்கு முதலில் பட்டது வேலி. பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை என்று எல்லாம் உயிர்வேலி. வெட்டி நிலத்துக்குத் தழையாகவும் போடுகிறார்கள், ஆட்டுக்கும் போடுகிறார்கள். நாம் போத்து என்பதை அவர்கள் கதியால் என்கிறார்கள். மிளகாய் வற்றல் அங்கே செத்தல் மிளகாய். காய்கறி, மரக்கறி. விவசாயி, கமக்காரன். நிலக் கணக்கும் வேறு. நமக்கு மூன்று மா ஓர் ஏக்கர். அவர்களுக்குப் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அவருடைய இரண்டு மாவைப் பரப்பில் சொன்னபோது பத்தைத் தாண்டியது. "பத்துப் பரப்புக் காணியோ! பெரிய கமக்காரன்தான்" என்று அத்தை மகன் சொல்ல, அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேத்தி, "உவைதான் வேதாரணியத்து மாமாவோ?" என்று கேட்டாள். அங்கே அத்தையை மாமி என்பது வழக்கம். இவர் "அத்தை" என்று கூப்பிட்டதும் கிழவிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த முறை வைத்து அவரைக் கூப்பிட்டு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பாவின் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர் சாப்பாடு ஆகும்வரை கீழே வைக்கவில்லை.

கொல்லையில் கிணறு, அதைச் சுற்றி வெங்காயப் பாத்தி, பீட்ரூட், நாலு பனை, கிணற்றடியில் ஒரு முருங்கை. சித்திரை என்பதால் மரம் முழுக்கக் காய். முழ நீளம், கையில் எடுத்தால் சதை தெரிகிறது. இதுதான் நான் கேள்விப்பட்ட சாவகச்சேரி முருங்கையா அத்தை என்று கேட்டார்.

"உது சாவகச்சேரி இல்லைத் தம்பி. அண்ணை வள்ளத்திலை கொண்டு வந்து நட்டது. உங்கட வீட்டுக் கொல்லை முருங்கைதான்."

கல்யாணமான மறுவருடம் தங்கையைப் பார்க்க வந்த அண்ணன், வள்ளத்தில் சாக்கு சுற்றி ஒரு போத்து கொண்டு வந்திருக்கிறார். அந்த மரம் காற்றில் சாய, அதன் கதியாலை நட்டார்கள். அதுவும் சாய, இது மூன்றாவது. போத்து வைத்து வளர்ப்பதில் உள்ள சௌகரியம் அது. விதை வழியாக வந்தால் பிள்ளை மாதிரி. தாயைப் போலவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போத்து வழியாக வந்தால் அதே மரம்தான், வயது மட்டும் புதிது.

இங்கே வேதாரண்யத்து வீட்டில் இருந்த தாய்மரம் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் வேரோடு போய்விட்டது. தென்னையும் மாவும் போன துக்கத்தில் முருங்கைக்கு யாரும் அழவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் நட்டதெல்லாம் பெரியகுளத்து பி.கே.எம்.-1 செடிமுருங்கை. காய்க்கிறது, விற்கிறது, குறை இல்லை. அந்தப் பழைய ருசி இல்லை என்று அம்மா மட்டும் சொல்வார்.

ஆக, அவர் கொண்டு வர ஆசைப்பட்டது யாழ்ப்பாணத்து முருங்கை. அங்கே கண்டது தன் வீட்டு முருங்கை. அதையும் கொண்டு வர முடியாது. அத்தை மகன், "ஒரு சாண் கதியாலை வேட்டிக்குள்ளை சுத்திக் கொண்டு போங்கோ மச்சான், ஆருக்குத் தெரியும்?" என்றார். இவர் வேண்டாம் என்றார்.

வேண்டாம் என்றது சரி. 2003-ன் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி வெளிநாட்டிலிருந்து நடவுப் பொருள் எதையும், அது விதையோ போத்தோ பதியனோ, இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டு அதிகாரிகள் தந்த தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் கொண்டு வரக் கூடாது. வேர் மண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. போய்ச் சேரும் இடத்திலும் இதே மாதிரிச் சட்டம் இருக்கிறது. இதை வெறும் காகிதத் தொல்லை என்று நினைப்பவர்கள் 2008-ஐ நினைத்துப் பார்க்கலாம். பப்பாளி மாவுப்பூச்சி அந்த ஒரே வருடத்தில் இலங்கையிலும் தென்பட்டது, கோயம்புத்தூரிலும் தென்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எத்தனை தோட்டங்கள் வெள்ளையாகிப் போயின! கடைசியில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துத்தான் அடக்க முடிந்தது. எங்கோ யாரோ பையில் சுருட்டிய ஒரு செடியில்தான் இப்படிப்பட்டவை ஆரம்பிக்கின்றன. தென்னிலங்கையில் வெலிகம வாடல் நோயால் தென்னைகளை வெட்டி எடுக்கிறார்கள். கஜாவுக்குப் பிறகு பிள்ளை மாதிரி வளர்த்த கன்றுகளுக்குப் பக்கத்தில் அப்படி எதையும் கொண்டு வந்து வைக்க முடியாது. அப்பா கொண்டு போன காலத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்றால், அது அதிர்ஷ்டம்.

கேள்வி கேட்ட வாசகரும் மற்றவர்களும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 'யாழ்ப்பாண முருங்கை', 'சாவகச்சேரி முருங்கை' என்ற பல்லாண்டு ரகங்கள் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகவே இருக்கின்றன. யாழ்ப்பாண ரகத்தின் காய் இரண்டிலிருந்து மூன்றடி. சாவகச்சேரி மூன்றடிக்கு மேலும் போகும். கடல் தாண்டத் தேவையில்லை. நன்றாகக் காய்க்கும் தெரிந்த மரத்திலிருந்து, முற்றிய கிளையில் மூன்று முதல் ஐந்தடிப் போத்தாக வெட்டி, ஆனி முதல் புரட்டாசிக்குள் நடலாம். மேல் வெட்டில் சாணி அப்ப மறக்கக் கூடாது. தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது.

திரும்பும்போது அவர் பையில் ஒடியல் மாவும் பனங்கட்டியும் இருந்தன. ஊருக்கு வந்ததும் அப்பா யார் யாருக்குப் போத்து கொடுத்தார் என்று விசாரிக்க ஆரம்பித்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கஜாவில் முறிந்து, அடியிலிருந்து மறுபடி துளிர்த்த மரம் ஒன்று இருக்கிறதாம். உங்கப்பா கொடுத்ததுதான் என்று அந்த வீட்டம்மா சொல்கிறார். காய் பார்த்த பிறகுதான் தெரியும். அத்தை வீட்டு மரத்துக் காயைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

அத்தைக்கு ஒருதரம் வேதாரண்யம் வந்து அண்ணன் வீட்டைப் பார்க்க ஆசை. கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாது என்கிறார். வீட்டிலிருந்து பலாலி பக்கம்தான். அங்கிருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரம். இவர் காரோடு போய்க் காத்திருந்தால், வழியில் தஞ்சாவூரில் இறக்கி இளைப்பாறவிட்டு வீடு சேர்த்துவிடலாம். அத்தைக்கு எடுத்த பாஸ்போர்ட் எப்போதோ காலாவதியாகிவிட்டது. புதிதுக்கு அத்தை மகன் எழுதிப் போட்டிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன் வந்தால் நல்லது.